வெள்ளம் தொட்ட வண்டி



சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் சிப்காட் தொழிற்பேட்டையைக் காணலாம். பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக மாற்றும் ஆலைகள் பல அங்கே உண்டு. அவ்வூரில் எனக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிப் பழுதான கார்களை ஏலத்தில் எடுப்பதும், அவற்றைப் பிரித்துப் பயன்படும் பாகங்களை விற்பதும், எஞ்சிய இரும்பை உலைக்கு அனுப்புவதும் என் தொழில். 'ஊரார் நட்டத்தில் பிழைப்பவன்' என்று என்னைக் கேலி செய்வோரும் உண்டு. இத்தொழிலில் நன்மை எவ்விடத்தில் முடிகிறது, தீமை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த பெருமழையை உங்கள் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டது. வாசலிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. அம்முறை எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளநீரோடு எண்ணெயும் கலந்து வந்தது.

மூழ்கிய கார் ஏலத்துக்கு வருவது எப்படி? காப்பீடு செய்யும்போதே காருக்கு ஒரு மதிப்பு குறிக்கப்படுகிறது. பழுதுபார்க்கும் செலவு அம்மதிப்பில் 75 சதவீதத்தைக் கடந்தால், அதனை முழு நட்டமாகக் கொள்வது வழக்கம். நான்கு லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவாகும் என்று மதிப்பீட்டாளர் கணக்கிட்டால், உரியவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. கார் ஏலத்துக்குப் போகிறது.

வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக நிற்கும் காரைப் பழுதுபார்க்க ஏன் இத்தனை செலவு என்று கேட்பீர்கள். உங்கள் பௌதிகப் பாடத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே எழும்போது, காற்றும் எரிபொருளும் கலந்த கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. காற்று சுருங்கும், தண்ணீரோ சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருப்பதை அறியாமல் சாவியைத் திருப்பினால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கிறது. அதனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகிறது. ஆகவே, மூழ்கிய வண்டியை ஒருபோதும் 'ஸ்டார்ட்' செய்து பார்க்கலாகாது. பேட்டரி இணைப்பை முதலில் கழற்றவேண்டும்.

எஞ்சினை விடப் பொல்லாதது வயரிங். ஈரம் பட்ட இணைப்புகளில் செம்பு மெல்ல மெல்லப் பச்சை பூக்கிறது. இன்று நன்றாக எரியும் விளக்கு ஆறு மாதம் கழித்து அணைகிறது. விளக்கு அணைவதோடு போனால் கவலையில்லை. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்கருவியும், விபத்தின்போது விரியவேண்டிய ஏர்பேக்கும் அதே வயரிங்கைத்தானே நம்பியிருக்கின்றன!

கார் கிடங்குக்கு வந்ததும் நாங்கள் முதலில் எண்ணெயையும் பேட்டரியையும் அகற்றுகிறோம். பிறகு பாகங்களை மூன்றாகப் பிரிக்கிறோம். கதவு, கண்ணாடி, பானெட், சக்கரம் ஆகியவற்றுக்கு வெள்ளத்தால் பெருங்கேடு இல்லை. கழுவித் துடைத்துச் சோதித்தால் அவை பயன்படும். கியர்பாக்ஸ் போன்றவற்றைத் திறந்து சுத்தம் செய்து, தேய்மானம் பார்த்த பின்னரே விற்கலாம். ஏர்பேக், சீட் பெல்ட், அவற்றை இயக்கும் மின்கருவிகள் ஆகியவை மூன்றாம் வகை. இவற்றை விற்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையொன்றும் ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் புதிய வண்டிகளில் மறுபடி பயன்படுத்தத் தகாதவை என்று வகுத்திருக்கிறது.

முதல் வகைப் பாகங்களால் எத்தனையோ எளிய குடும்பங்கள் பயனடைகின்றன. சென்னைப் புதுப்பேட்டைக் கடைத்தெருவுக்குப் பழைய உதிரிப் பாகம் தேடி வரும் டாக்ஸி ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். புதிய கதவின் விலைக்கு அவர் எங்கே போவார்? மேலும், ஒரு கதவைப் புதிதாகச் செய்யச் செலவாகும் இரும்பும் மின்சாரமும் மிச்சமாகின்றன. காயலான் கடை என்று நாம் ஏளனமாகச் சொல்லும் இடம், நாட்டின் செல்வத்தைக் காக்கும் இடமும் ஆகும்.

தீமை தொடங்கும் இடத்தை இனிச் சொல்கிறேன். ஒரு காரை ஏலத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விற்கத் தகுந்த பாகங்களாலும் இரும்பாலும் தொண்ணூறாயிரம்தான் தேறும். ஏர்பேக்கையும் மின்கருவிகளையும் விற்றால் இன்னும் முப்பதாயிரம் வரும். அப்போது மனம் என்ன சொல்லும்? 'நன்றாகத்தானே இருக்கிறது, துடைத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்' என்று சொல்லும். கடன் வாங்கிப் பணம் போட்டவனுக்கு அந்தக் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். ஆதலால், விற்கத் தகாத பாகத்துக்கு விலை பூச்சியம் என்று எழுதிக்கொண்டுதான் நான் ஏலத்தில் விலை கேட்கிறேன். அதனால் பல கார்கள் கைவிட்டுப் போகின்றன, போகட்டும். நேர்மையாக இருப்பதற்கு ஆகும் செலவை வாங்கும்போதே கணக்கில் சேர்க்கவேண்டும். விற்கும்போது சேர்க்கலாம் என்று எண்ணினால், பெரும்பாலும் அதற்கு இடமிருப்பதில்லை.

பாகங்களைப் போலவே காகிதங்களும் ஆபத்தானவை. அழிந்துபோன காரின் பதிவுப் புத்தகத்தையும் சேசிஸ் எண்ணையும், அதே மாதிரித் திருட்டுக் காருக்குப் பொருத்திவிடும் கயவர்கள் இருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்தால் 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அதிகாரிக்கு உரிமையாளர் தெரிவிக்கவேண்டும் என்கிறது. 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, வண்டியைச் சிதைக்கும் நிலையம் பதிவு பெற்றிருக்கவேண்டும். சிதைத்ததற்குச் சான்றிதழும் தரவேண்டும்.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலில் மூழ்கிய கார்கள் பலவற்றைக் கழுவி மெருகிட்டு, வெள்ளம் காணாத மாநிலங்களில் விற்றார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று உரிமைப் பத்திரத்திலேயே குறிக்கும் முறை அங்கே பல மாநிலங்களில் உண்டு. அப்படியிருந்தும் ஏமாந்தவர்கள் பலர்.

நாளை நீங்களும் பழைய கார் வாங்கக்கூடும். சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்துப் பாருங்கள்; அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடியிலுள்ள திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று நோக்குங்கள். காப்பீட்டு இழப்பீடு பெற்ற வண்டியா என்று விசாரியுங்கள். உங்களில் சிலர் வாங்குபவராக இல்லாமல் விற்பவராகவும் வரலாம். அப்போது வாங்குபவர் கேட்கும் முன்பே, 'இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகம்' என்று சொல்லிவிடுங்கள். விலை சற்றுக் குறையும். ஆனால் அந்த வண்டியில் ஏறிச் செல்லும் குடும்பத்தை நினைத்து நீங்கள் கலங்க வேண்டியிராது.