கேள்வி கேட்பதே கல்வி
(மயிலாப்பூரில் மாணவர்களிடையே பேசியதன் சாரம்)



உயர்ந்த இலக்கிய வகுப்பிலே ஒரு மாணவன் எதைக் கற்றுக்கொள்ளுகிறான் என்கின்ற விஷயமாகப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் காலேஜ் படியை மிதித்தவனல்ல. வேலை போக மிச்சமான நேரத்தில் வாசகசாலையில் படித்ததுதான் என் படிப்பு. ஆதலால் என் அனுபவத்தைச் சொல்லுவதற்கு இதில் இடமில்லை. ஆனால், தான் படித்த படிப்பைப் பற்றி ஒளிக்காமல் எழுதி வைத்த மாணவர் ஒருவர் நம் நாட்டில் இருந்திருக்கிறார். அவர்தான் உ.வே. சாமிநாதய்யர். 1940இல் தொடங்கி 1942 வரை அவர் "ஆனந்த விகட"னில் எழுதி வந்த "என் சரித்திரம்" என்பதைத்தான் சொல்லுகிறேன்.

"அய்யர் புஸ்தகத்துக்கு இந்த மேடையில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் முணுமுணுக்கலாம். எழுதினவர் யார் என்பதைவிட எழுதின சங்கதி என்ன என்று பார்ப்பதல்லவா அறிவுள்ளவர் வேலை?

தோழர்களே! அவர் 1871இல், தமது 16ஆம் வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சேர்ந்தார். பிள்ளையவர்கள் சைவ வேளாளர். திருவாவடுதுறை மடத்து வித்துவான். சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னவர். அவர் வாயினால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போவார்; மாணவர் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதுவார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் அங்கே மாணவர். பார்ப்பனப் பிள்ளை வேளாளரிடத்தில் கைகட்டிப் பாடம் கேட்கலாம். ஆனால் அவர் வீட்டுச் சோற்றைத் தொடக்கூடாது, சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அறிவு ஒட்டலாம், சோறு ஒட்டக்கூடாது என்றால் இது என்ன நியாயம்? இதுவாவது பரவாயில்லை. பெண்களோ, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களோ அந்த வகுப்பில் உட்கார்ந்ததாக அந்தச் சரித்திரத்தில் காணோம்.

நிற்க, படித்தது என்ன என்று பாருங்கள். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது, தலபுராணங்கள். 1876இல் பிள்ளையவர்கள் காலமான பின்பும் மடத்திலேயே படிப்பு நடந்தது. 1880இல் அய்யர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதரானார். அப்போது அவருக்கு 25 வயது. படித்த நூல்களின் கணக்கைச் சொன்னால் கேட்பவர் பிரமித்துப் போகவேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததில் தப்பில்லை.

அதே வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்தீர் என்று முதலியார் கேட்டார். அய்யர் வரிசையாக ஒப்புவித்தார். முதலியாரோ பிரமிக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன பிரயோஜனம் என்கின்ற பாவனையில் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். பண்டிதருக்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

9 வருஷப் படிப்பு செய்யாத வேலையை ஒரு கேள்வி செய்துவிட்டது! கேட்டவர் யார்? தமிழ் வாத்தியாரல்ல, கோர்ட்டில் வழக்கு விசாரிக்கிறவர். சாட்சியை விசாரிப்பதுபோல் படிப்பையும் விசாரித்தார்.

அவ்வளவு பெரிய வகுப்பில் இந்த நூல் ஏன் பாடமாகவில்லை என்பதை யோசியுங்கள். சிந்தாமணி சமணர் பாடியது. சோழ அரசன் அதை மெய்யென்று நம்பிப் படித்தான் என்றும், அது பொய்ந்நூல் என்று விலக்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்றும் சைவர்கள் கதை சொல்லுகிறார்கள். பொய்ந்நூல் என்று பேர் வைத்துவிட்டால் பிறகு அதை யார் கையில் எடுப்பார்? 3,145 பாட்டுள்ள ஒரு காவியத்தை, புலவர் கூட்டத்துக்கே அந்நியமாக்கி வைக்க ஒரு சமய முத்திரை போதுமானதாயிருந்தது. பிள்ளையவர்களின் புலமையிலே குறைவில்லை. அந்த வகுப்புக்குச் சுவர் எழுப்பினது மதம்.

இனி, மாணவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். முதலியார் மேல் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மகாவித்துவானின் மாணாக்கனையா கேட்கிறாய் என்று மார் தட்டவுமில்லை. பிரதியை வாங்கிப் படித்தார், புரியவில்லை. கும்பகோணத்திலேயே குடியிருந்த ஜைனர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். மடத்துப் புலவருக்குத் தெரியாத சங்கதி, அந்தக் குடும்பங்களில் வழிவழியாகப் படித்துவந்த சங்கதியாயிருந்தது. காலேஜ் பண்டிதர் மறுபடியும் மாணவரானார். 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை வந்தன. சைவ மடத்தில் படித்தவர் கையாலேயே சமண நூலும் பௌத்த நூலும் நமக்குக் கிடைத்தன. அவர் சைவத்தை விட்டுவிடவில்லை; ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சைவம் அவருக்குத் தடையாயிருக்கவும் இல்லை.

இங்கிருந்து தெற்கே அடையாற்றைத் தாண்டி பெசன்ட் நகர் போனால், 1943இல் அவர் பேரால் ஏற்பட்ட நூல் நிலையம் இன்றும் இருக்கிறது. ஓலைச்சுவடிகள் அங்கே உள்ளன. அவற்றைக் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதில்லை, படித்துவிட்டு வாருங்கள்.

மாணவத் தோழர்களே! இன்றைக்கு நீங்கள் பரீட்சைக்கு நோட்ஸ் உருப்போடுகிறீர்கள். அன்று அந்தாதி உருப்போட்டார்கள். இரண்டும் ஞாபக சக்திக்கு வேலைதானேயொழிய அறிவுக்கு வேலையாகுமா? உங்கள் பாடத்திட்டத்தில் எது இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எது இல்லை, ஏன் இல்லை, அதை ஒதுக்கினவர் யார் என்றும் கேளுங்கள். உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு யார் உட்காரவில்லை என்றும் பாருங்கள். உங்களை ஒருவர் கேள்வி கேட்டால் அவருடைய உத்தியோகம், ஜாதி, மதம் இவைகளை விசாரிக்காமல் கேள்வி சரியா என்று மட்டும் விசாரியுங்கள்.

நான் சொன்னதையும் இந்தத் தராசிலேயே நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.