இடைக்காட்டூர்க் கொத்தனார்



இடைக்காட்டூர்த் திருஇருதயக் கோயிலின் வரலாற்றைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு? 1894. கட்டியவர்? பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஃபெர்டினாண்ட் செல் அடிகளார். பணம்? மரியன்னா என்ற பிரெஞ்சுப் பெண்மணி, தன் நோய் தீர்ந்த நன்றிக்குக் கொடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். வரலாறு முடிந்தது! உட்கார்ந்துவிடலாமா?

உட்கார மாட்டேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கோயிலைக் கட்டிய கொத்தனார் யார்?

(கை தட்டுகிறீர்கள். பதில் சொல்லுங்களேன்!)

ரீம்ஸ் என்று பிரான்சில் ஒரு நகரம். அங்கே ஒரு பேராலயம். 1211இல் வேலை தொடங்கினார்கள். பிரெஞ்சு ராஜாக்கள் முடிசூடிய இடம். அதன் சாயலில் இங்கே ஒன்று கட்ட வேண்டும் என்று செல் அடிகளாருக்கு ஆசை. ரீம்ஸ் முழுக்கச் சுண்ணாம்புக் கல். வைகைக் கரையில் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? நம்மிடம் இருந்தது மண். கல்லில் செதுக்கியதை மண்ணில் கொண்டுவா என்றால் கொண்டுவந்தார்கள் ஐயா! தூணுக்கு ஓர் அச்சு, வளைவுக்கு ஓர் அச்சு, பூவேலைக்கு ஓர் அச்சு. ஏறக்குறைய 200 வகைச் செங்கல் என்கிறார்கள். இன்றைக்கு வீடு கட்டுகிறவரைக் கேளுங்கள், ஒரே வகைச் செங்கலையே கோணல் இல்லாமல் வாங்க முடியவில்லை என்பார்.

யார் அவர்கள்? பக்கத்தில் மானாமதுரை. அங்கே சுட்ட கடத்தைத் தட்டினால் சென்னைச் சபா நிமிர்ந்து உட்காருகிறது. அந்தச் சீமைக்காரர்கள்! மண்ணைத் தொட்டுப் பார்த்தே சூளையில் இது நிற்குமா வெடிக்குமா என்று சொல்லக்கூடியவர்கள். ரீம்ஸை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்களா? ரயிலையே ஒழுங்காகப் பார்த்திராத மனிதர்கள், கோத்திக் வளைவைத் தலைக்கு மேலே நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஓரியூரில் 1693இல் ரத்தம் சிந்திய இயேசு சபைக் குரு அருளானந்தர் பெயர் நமக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும். 1773இல் இயேசு சபையையே கலைத்தார்கள், 1838இல் அந்தச் சபையார் மறுபடியும் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள், அதுவும் எழுதி வைத்திருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவன் பெயரை மட்டும் எழுத ஒருவருக்கும் மை கிடைக்கவில்லையா?

இன்னொன்று சொல்கிறேன். 1914 செப்டம்பரில் ஜெர்மன் பீரங்கிகள் ரீம்ஸைச் சுட்டன. சாரம் தீப்பிடித்தது. கூரையின் ஈயம் உருகி ஓடியது. அங்கே சிரித்த முகத்தோடு ஒரு சம்மனசு சிலை. அதன் தலை கீழே விழுந்து உடைந்தது. ஒரு குருவானவர் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார். 1926இல் அதே துண்டுகளை வைத்து அந்தத் தலையைத் திரும்பப் பொருத்தினார்கள். கோயிலை முழுதாகத் திறக்க 1938 ஆனது. அத்தனை வருஷம் காத்திருந்தார்கள் அம்மா! இடித்துத் தள்ளிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டவில்லை!

இங்கே இருக்கிறார்கள் சிலர். பெயர் சொல்ல மாட்டேன்; சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். நூறு வருஷச் சுவரைப் பார்த்தால் அவர்களுக்குக் கை அரிக்கும். "பழசாப் போச்சு, மாடர்னாக் கட்டுவோம்." எந்தப் பீரங்கியும் சுடவில்லை, எந்தத் தீயும் பிடிக்கவில்லை, ஜேசிபி ஒன்று போதும், ஒரு காலைப் பொழுதில் தாத்தன் கட்டியது தரைமட்டம். அந்த இடத்தில் பளபளவென்று குளியலறை டைல்ஸ். கேட்டால் வளர்ச்சி என்கிறார்கள். வைகைக் கரைக் கொத்தனாரின் ஒற்றை அச்சைச் செய்து காட்டட்டும், பிறகு வளர்ச்சியைப் பற்றி என்னிடம் பேசட்டும்!

பாருங்கள், கொத்தனாரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அவரை விடக் கூடாது. அவரோடு செங்கல் சுமந்த சித்தாள் பெண்களையும் விடக் கூடாது. செல் அடிகளாருக்கு நான் தலைவணங்குகிறேன். கனவு அவருடையது, அலைந்ததும் அவர். ஆனால் பாரம் ஏறியது இந்த ஊர்த் தலைகளில்.

பங்குத்தந்தை அவர்களே, ஒரு வேண்டுகோள். பழைய கணக்குப் புத்தகமோ கூலிச் சீட்டோ ஞானஸ்நானப் பதிவேடோ இருந்தால் புரட்டிப் பார்க்க ஆள் போடுங்கள். வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்தால் கேளுங்கள் தம்பிகளே, கையில்தான் போன் இருக்கிறதே, பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு பெயர் கிடைக்கட்டும். செல் அடிகளார் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் கல்லில் வெட்டுவோம். கல்வெட்டுச் செலவுக்கு முதல் ஆயிரம் ரூபாயை இதோ இந்த மேடையிலேயே வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.