முதற்படியின் உயரம்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்கச் சென்றபோது, வெலிமடையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கும் மூத்த அக்காமார் பலர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பஸ்ஸில ஏற ஏலாது பிள்ளை." லண்டனிலிருந்து வந்த அக்கா முன்வரிசையில் இருக்கிறார். பத்துக் கட்டைக்கு அப்பால் இருப்பவர் வரவில்லை.

என் அம்மாவும் அப்படித்தான் வீட்டோடு நின்றுபோனார். கிளினிக் முடிந்து திரும்பும்போது ஒரு கால் மிதிபலகையில், மற்றக் கால் தரையில். பஸ் நகர்ந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு மருந்தெடுக்க நாங்கள்தான் போனோம். அம்மா டவுனைப் பார்க்கவேயில்லை. சாரதியை நான் அன்று திட்டினேன். பின்னால் அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது, அவருக்கு நேரப் போட்டி. இப்போது யோசித்தால் படியும் பாதிக் குற்றவாளி.

நம்முடைய பஸ்களில் பெரும்பாலானவை லொறிச் செசியின்மேல் கட்டப்பட்டவை. அதனால் தளம் உயரம், முதற்படி முழங்காலுக்கு வரும். லண்டனில் பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து போய்விட்டன. இன்று அங்கே தாழ்தளப் பஸ்கள். தரிப்பில் நின்றதும் காற்றை இறக்கி ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும். அக்கா இதைச் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை!

நமது மலை வளைவுகளில், தோட்டப் பாதைகளில் அப்படியான பஸ் அடி தட்டும். பாதையே இங்கு பெரிய கேள்வி. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் இறந்தார்கள். சரிந்து கிடந்த பாறை அங்கே பாதையைக் குறுக்கியிருந்தது. பாதையைச் சீராக்குவது அரசின் வேலை. நாம் விடாமல் கேட்க வேண்டும். முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000இலேயே வந்துவிட்டது. 60 வயதானால் அடையாள அட்டையும் உண்டு. அட்டையைக் காட்டினால் வரிசையில் முன்னுக்கு விடுவார்கள். படியில் ஏற்றிவிட அட்டையால் ஏலாது.

பஸ்ஸைத் தாழ்த்த முடியாவிட்டால் தரையை உயர்த்தலாமே? நம் பாடசாலைத் தரிப்பிடத்தில் ஒரு சாண் உயரத்தில் கொங்கிரீட் மேடை, ஏறிவரச் சரிவு, பிடிக்க இரும்புக் குழாய், மழைக்கு ஒரு கூரை, இருக்க ஒரு வாங்கு. பஸ் மேடையை ஒட்டி நிற்காவிட்டால் இதில் பயனில்லை என்பதும் தெரியும். அதற்குச் சாரதிமாரோடு பேச வேண்டும். அவர்களில் பலரின் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள்.

வாசலில் நூற்றாண்டு வளைவு கட்ட நிதி சேர்க்கிறோம். வளைவு அழகுதான், ஆனால் அதன் கீழே நடந்துவர அக்காமார் வர வேண்டுமே. இந்த நிதியை முதலில் மேடைக்குக் கொடுக்கும்படி செயற்குழுவைக் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீதியோரத்தில் கட்ட அனுமதி வேண்டும். கடிதம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் மேசையில் இருக்கும், கையெழுத்து வையுங்கள். மலரில் இதை வாசிக்கும் வெளிநாட்டுச் சகோதரிகள் செயலாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.