உள்தாழ்ப்பாள்



நன்கொடை என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் உள்ளத்தில் எழும் காட்சி எது? மேடை, மாலை, ஒலிபெருக்கி, கொடுப்பவரும் பெறுபவரும் புகைப்படக் கருவியை நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு. இக்காட்சியில் பிழை ஏதும் இல்லை என்றே நானும் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு தாழ்ப்பாள். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

2011ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அருகிலிருந்த நகரத்தின் மகளிர் காப்பில்லம் ஒன்றுக்கு உதவ விரும்பினர். ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் இல்லம் அது. வேலை வாங்கித் தருகிறோம், மணம் முடித்து வைக்கிறோம் என்று நயமாகப் பேசி அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர் விபசார விடுதிகளிலும் ஊதியமில்லாத வீட்டு வேலையிலும் அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். மனிதரை வாணிகப் பொருளாக்குவதை நமது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. மீட்கப்பட்ட பெண்களைக் காப்பில்லங்களில் வைத்துக் காப்பதற்கு 1956ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் வழி செய்தது. 2007இல் நடுவணரசு ‘உஜ்ஜவலா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2022இல் அதனை மற்றொரு திட்டத்துடன் இணைத்துச் ‘சக்தி சதன்’ என்று பெயரிட்டது. ஆக, சட்டமும் உண்டு, திட்டமும் உண்டு. ஆயினும் உணவுக்கு இவ்வளவு, உடைக்கு இவ்வளவு என்று ஒதுக்கும் எந்தத் திட்டமும் ஒரு வீட்டில் நாள்தோறும் நேரும் சிறு தேவைகளையெல்லாம் முன்கூட்டி எண்ணி வைத்துவிட முடியாது. தொண்டர்களின் பணத்துக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

எங்கள் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று பழைய செய்தித்தாள்களை வாங்கி விற்றும், கைச்செலவுக் காசை மிச்சப்படுத்தியும், 18,000 ரூபாய் திரட்டினர். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு பெரிய சுவர்க் கடிகாரமும் வாங்கினர். கடிகாரத்தின் முகத்தில் பள்ளியின் பெயரைப் பொறித்தனர். நான் தடுக்கவில்லை. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கச் சொன்னவனே நான்தான்.

இல்லத்துக்குச் சென்றோம். கூடத்தின் சுவரில் ஏற்கெனவே ஐந்து கடிகாரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்திலும் ஐந்து உபயதாரர்களின் பெயர்கள். ஐந்தும் ஐந்து வேறு நேரம் காட்டின. ஆறாவது கடிகாரத்தை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தபோது, இல்லக் கண்காணிப்பாளரான அம்மையார் என்னைத் தனியே அழைத்தார்.

“ஐயா, தவறாக எண்ணிக்கொள்ளக் கூடாது. இதே பணத்தில் எங்களுக்கு வேறொன்று செய்து தர முடியுமா?” என்றார்.

“என்ன வேண்டும், சொல்லுங்கள் அம்மா” என்றேன்.

“குளியலறைக் கதவுகளுக்கு உட்புறம் தாழ்ப்பாள் வேண்டும்.”

அக்கட்டடம் முன்னர் ஒரு சரக்குக் கிடங்காக இருந்தது. கதவுகளுக்கு வெளிப்புறத் தாழ்ப்பாள்கள் மட்டுமே இருந்தன. அம்மையார் தாழ்ந்த குரலில் மேலும் சொன்னார்: “இங்கு வரும் பெண்கள் வெளியே பூட்டிய அறைகளில் இருந்து வந்தவர்கள், ஐயா. தங்கள் கையால் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு எத்தனையோ காலம் ஆயிற்று. குளிக்கும்போது ஒருத்திக்கு இன்னொருத்தி வாசலில் காவல் நிற்கிறாள்.”

நான் வாயடைத்து நின்றேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ வினாக்களை மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற எளிய வினாவை அந்த இல்லத்தாரிடம் கேட்கத் தோன்றவில்லையே!

கடைக்காரர் நல்ல மனிதர். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பெயர் பொறித்த கடிகாரத்தை என்ன செய்வார் பாவம்! அது அந்தச் சுவரிலேயே ஆறாவதாகத் தங்கிவிட்டது. கிடைத்த பணத்தில் குளியலறைகளுக்கு உள்தாழ்ப்பாள்களும், இரவில் நடைக்கூடத்தில் எரிய இரண்டு விளக்குகளும், ஒவ்வொரு பெண்ணுக்கும் பூட்டுச் சாவியோடு ஒரு தகரப் பெட்டியும் வாங்கினோம். தாழ்ப்பாளிலும் அம்மையார் ஒரு நுட்பம் கூறினார். மனம் நொந்த பெண் எவளேனும் உள்ளே தனக்குத் தீங்கு செய்துகொள்ள முற்பட்டாலோ, மயங்கி விழுந்தாலோ, கதவை உடைக்கும்படி ஆகக் கூடாது. ஆகையால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கத்தக்க வகையாக அது இருக்க வேண்டும் என்றார். அந்த நுட்பம் எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அங்கேயே இருந்து பழகியவருக்கு அது தெரிந்திருந்தது.

ஒரு மாணவன் என்னிடம் வந்து, “ஐயா, தாழ்ப்பாளில் பள்ளியின் பெயரை எங்கே எழுதுவது?” என்று கேட்டான். எழுத இடமில்லை என்றேன். அவன் முகம் வாடிற்று. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆசையை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாங்கள் அல்லவா?

பெண்கள் தையற்கூடத்தில் இருந்த நேரத்தில் தச்சர் வந்து வேலையை முடித்துச் சென்றார். அன்று மாலை ஓர் இளம்பெண் குளியலறைக்குள் சென்று தாழ்ப்பாளைப் போட்டாளாம், எடுத்தாளாம், மறுபடியும் போட்டாளாம். வெகுநேரம் அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை என்று அம்மையார் பின்னர் என்னிடம் கூறினார்.

அதன் பிறகுதான் இத்தகைய இல்லங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். தேவதாசி வழக்கத்தை எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், புகலிடம் தேடி வந்த சிறுமியருக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்ததும், அதுவே சென்னையில் ஔவை இல்லமாக வளர்ந்ததும் நம்மவர் பலரும் அறிந்த செய்தி. பலரும் அறியாத வேறோர் இல்லத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அது அமெரிக்க நாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் சீனர் குடியிருப்பில் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரில் சீன ஆடவர் பல்லாயிரவர். சீனப் பெண்டிரோ மிகச் சிலர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் அந்நாட்டில் நுழைவதையே தடுத்துவிட்டது. குடும்பம் வளர வழியில்லாத இடத்தில் கயவர்களின் வாணிகம் வளர்ந்தது. சீனாவில் வறுமையுற்ற குடும்பங்களிலிருந்து சிறுமியரை விலைக்கு வாங்கியும், திருமணம் என்று ஏமாற்றியும், பொய்ப் பத்திரங்களோடு கப்பலில் கொண்டுவந்து விற்றனர். 1874இல் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையைச் சேர்ந்த பெண்கள் சிலர், தமக்குள் பணம் திரட்டி, இவ்வாறு அடிமைப்பட்ட பெண்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினர். பின்னர் சாக்ரமெண்டோ தெருவில் 920ஆம் எண்ணில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

1895இல் அங்குத் தையல் கற்பிக்க வந்தவர் டொனால்டினா காமரன். நியூசிலாந்தில் பிறந்தவர், அப்போது வயது இருபத்தைந்து. சில ஆண்டுகளில் இல்லத்தின் தலைமையை ஏற்று, 1934 வரை அதை நடத்தினார். பெண்களை மீட்பது ஒரு பாதி வேலையே. மீட்ட மறுநாளே, ‘என் உறவுப் பெண்ணைக் கவர்ந்து சென்றுவிட்டார்கள்’ என்று அடிமை வாணிகன் நீதிமன்றத்தில் நிற்பான். ஆதலின் ஒவ்வொரு சிறுமிக்கும் சட்டப்படி காப்பாளர் என்ற ஆணையை நீதிமன்றத்தில் பெற்று வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லையேல், அவளைத் தக்கவைத்துக்கொள்ள வழியே இல்லை.

1906 ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் பெரும் பூகம்பம் நகரத்தைக் குலுக்கியது. தொடர்ந்து தீ பரவிற்று. காமரன் பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் சென்றார். அன்றிரவே, நெருப்பு நெருங்கிக்கொண்டிருந்த தெருக்கள் வழியாகத் தனியே இல்லத்துக்குத் திரும்பினார். எதை எடுக்கச் சென்றார் என்று நினைக்கிறீர்கள்? பணப் பெட்டியை அன்று; அந்தக் காப்பாளர் ஆணைத் தாள்களை! அவற்றோடு அவர் மீண்டார், கட்டடம் அழிந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அளவுக்கு மீறி வெந்து உருக்குலைந்த செங்கற்களை அதன் சுவர்களில் இன்றும் காணலாம். 1942இல் அதற்குக் காமரன் இல்லம் என்று பெயரிட்டனர். குடியேறி வரும் ஆசியக் குடும்பங்களுக்கு அது இன்றும் தொண்டு செய்து வருகிறது.

கட்டடத்துக்குக் கொடுத்தவர்களைப் போற்றுகிறேன். ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொருவரின் கொடை. தியென் பூ வூ என்னும் சிறுமி, தந்தையாலேயே விற்கப்பட்டு, கொடுமைகள் பல பட்டு, 1894இல் இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள். பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் அவளுடைய படிப்புச் செலவை ஏற்றார். படித்து முடித்து அவர் அந்த இல்லத்துக்கே திரும்பி வந்தார். பல்லாண்டுகள் காமரனின் வலக்கரமாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். நள்ளிரவில் அஞ்சி நடுங்கி வந்து சேரும் பெண்ணிடம் அவளுடைய தாய்மொழியில் ‘அஞ்சாதே’ என்று சொல்ல, அதே துன்பத்தைப் பட்டு மீண்ட ஒருவர் அங்கே இருந்தார். எத்தனை அறைகள் கட்டினாலும் இதற்கு ஈடாகுமா?

அந்த இல்லத்தைக் குறையே இல்லாததாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. மணியடித்தால் எழுதல், மணியடித்தால் தொழுதல், தையல், சமையல் என்று ஒழுங்கு மிகக் கடுமையாக இருந்தது. பெண்கள் தனியே வெளியே செல்ல முடியாது. கடத்தல்காரர்கள் தெருவில் காத்திருந்த காலம் அது என்பது உண்மையே. எனினும் அந்த ஒழுங்கைப் பொறுக்கமாட்டாமல் ஓடிப்போன பெண்களும் உண்டு. காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மீண்டும் ஒரு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிடும் ஆபத்து, அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மீட்கப்பட்டவர் தம்மை ஒரு கைதியாக உணரும் இல்லங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன.

இன்று நீங்கள் ஓர் இல்லத்துக்கு உதவ எண்ணினால், முதலில் நிழற்படக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். இக்காலத்தில் அது உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. ஆகையால் இது எளிதன்று. நீங்கள் அன்போடு எடுத்து ஊரெல்லாம் அனுப்பும் ஒரு படம், தப்பி வந்தவளைத் தேடிக்கொண்டிருப்பவன் கண்ணில் பட்டுவிடலாம். அவள் மறக்க விரும்பும் செய்தியை அவளுடைய ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம். அங்கிருப்பவர் சிறுவர் சிறுமியராயின், அவர்களுடைய அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது.

தையல் இயந்திரம் வழங்கும் விழாக்களைப் பற்றியும் ஒரு சொல். பத்து இயந்திரங்களை ஒரே நாளில் வழங்குவது எளிது. ஊசி ஒடிந்தால் யார் வாங்குவது? தைத்த துணியை யார் எடுத்துக்கொள்வார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையில்லாமல் உறை போட்டு மூடிக் கிடக்கும் இயந்திரங்களை நான் கண்டிருக்கிறேன். தையலே வேண்டாம், கணக்கெழுதக் கற்க வேண்டும், ஊர்தி ஓட்டப் பழக வேண்டும் என்று விரும்பும் பெண்களும் உண்டு.

மேடையில் வைத்து வழங்க முடியாத செலவுகள் வேறு இருக்கின்றன. கடத்தியவன் மீது வழக்கு நடக்கும்போது அந்தப் பெண்ணே சாட்சி. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு முறையும் அவளுக்கும் துணை செல்பவருக்கும் பேருந்துக் கட்டணம், வழியில் உணவு, சில வேளை ஓர் இரவு தங்கும் செலவு. அரசு இச்செலவுகளைத் தர விதி இருந்தாலும், தொகை கைக்கு வருமுன் வாய்தா நாள் வந்துவிடும். இந்தச் சிறு தொகை இல்லாமல் சாட்சி வராது போனால், குற்றவாளி வெளியே நடந்து போகிறான். வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கொண்டுவரப்பட்டவளாயின், தமிழ் அறியாத அவளோடு அவள் மொழியில் பேச ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்களே சுமந்துவிட்டால் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூரையும் சோறும் மருத்துவரும் ஊழியருக்குச் சம்பளமும் அரசின் கடமை; அவற்றை அன்பளிப்புப் பணத்தால் ஈடுகட்டத் தொடங்கினால், கடமை மெல்ல மெல்ல நழுவிப் போகும். ஒழுகும் கூரையைக் கண்டால் ஓடு வாங்கிக் கொடுப்பதற்கு முன் உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்; பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். விண்ணப்பம் எழுதக் கற்பிப்பது எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது; அதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு என் பழைய பள்ளிக்குச் சென்றிருந்தேன். நலப்பணித் திட்டத்தின் கணக்கேட்டை இப்போது ஒரு மாணவி எழுதிவருகிறாள். புரட்டிப் பார்த்தேன். பேருந்துக் கட்டணம் இருவருக்கு. இரவு விளக்குக்குப் புதிய பல்பு. தகரப் பெட்டிக்கு மாற்றுச் சாவி. தாழ்ப்பாளுக்குத் திருகாணி நான்கு. அருகில் ஒரு குறிப்பும் இருந்தது: ‘கண்காணிப்பாளர் அம்மாவைக் கேட்டு வாங்கியது.’