நீரைக் கொடுத்து நெருப்பை வாங்குவதா?

(தன்னாமுனையில் உழவரும் கற்றோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாவிக் கரையிலே கூடியுள்ள நாம் நிலக்கரியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலங்கையில் நிலக்கரி அகழப்படுவதில்லை. நுரைச்சோலையில் எரிவது கடல் கடந்து வரும் கரியே. எனினும், காவிரிக் கரையில் நம் இனத்து உழவர்க்கு நேர்ந்ததை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நிலக்கரியின் நுண்துளைகளில் மீத்தேன் வாயு ஒட்டிக் கிடக்கிறது. நிலத்தடி நீரின் அழுத்தமே அதனை அடக்கி வைத்திருக்கிறது. சுரங்கக் காற்றில் அவ்வாயு நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்துவிட்டால், ஒரு சிறு பொறியே வெடிப்புக்குப் போதும். 1958ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்துச் சின்னாக்குரிச் சுரங்கம் அவ்வாறு வெடித்து, 150க்கு மேற்பட்ட தொழிலாளரின் உயிரைக் குடித்தது.

ஆகவே, கரியை வெட்டுமுன் துளையிட்டு வாயுவை இழுத்தெடுப்பதும், வெட்டி முடிந்த வெற்றிடத்தில் தேங்குவதைப் பின்னர் எடுப்பதும் அறிவுடைய முறைகளே. உயிரும் தப்பும், எரிபொருளும் கிடைக்கும். ஜாரியா நிலக்கரி வயலின் முனிடீ சுரங்கத்தில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு இது செய்து காட்டப்பட்டது. இதனை நாம் குறைகூறவில்லை.

ஆனால், மன்னார்குடியில் நடந்தது என்ன? 2010ஆம் ஆண்டில், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் பழுப்பு நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை வழங்கப்பட்டது. அங்கே காப்பாற்றுவதற்குச் சுரங்கத் தொழிலாளி இல்லை. மேலே இருப்பது நெல் வயல். வாயு வெளிவர வேண்டுமாயின் முதலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். கிணறு வற்றினால் உழவன் எங்கே போவான்? இறைத்த உவர்நீர் எந்த வாய்க்காலில் பாயும்? இவ்வினாக்களை ஊர் ஊராக எடுத்துச் சென்ற வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அப்பணியிலேயே 2013 டிசம்பர் 30ஆம் நாள் உயிர் நீத்தார்.

மக்கள் சளைக்கவில்லை. 2015இல் தமிழ்நாட்டு அரசு அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றியது. அதன் பின்னரும், 2023இல் அப்பகுதி நிலக்கரி வயல்கள் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்த பின்னரே நீக்கப்பட்டன. சட்டம் வந்தது என்று உறங்கிவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

அன்பர்களே! விஞ்ஞானத்தை நாம் பகைக்கவில்லை. ஓரிடத்தில் உயிர் காக்கும் முறை, வேறோரிடத்தில் வயிற்றில் அடிக்கும் முறையாகலாம் என்பதே நாம் சொல்வது. நாளை நம் மண்ணிலே மணலுக்கோ, கனியத்துக்கோ, வாயுவுக்கோ எவர் வந்தாலும், "எங்கள் நீர் என்னாகும்?" என்பதே நமது முதற் கேள்வியாகட்டும். கற்றவர் திட்ட அறிக்கையைப் படித்து உழவனுக்கு விளக்குக. உழவர் தம் கிணற்றின் நிலையைக் கற்றவர்க்கு உரைத்திடுக. இவ்விருவரும் ஒன்றுபட்டால் நம் மண்ணும் நீரும் நமக்கே நிலைக்கும்!