பாம்பும் பனிக்காலமும்



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. படையை நடுங்கச் செய்யும் பாம்புக்குத் தன் குளிரைப் போக்கிக்கொள்ளத் தான் நடுங்கத் தெரியாது என்பதோ பலரும் எண்ணிப் பாராத செய்தி. நாம் குளிரில் நடுங்குவது உடலில் வெப்பத்தை உண்டாக்கும் பொருட்டே. பெரும்பாலான பாம்புகளுக்கு அத்திறன் இல்லை. சுற்றுப்புறத்தின் வெப்பமே அவற்றின் உடல் வெப்பம்.

இங்கிலாந்தில் பலர் தம் இல்லங்களில் பாம்பு வளர்க்கின்றனர். அவர்கள் பெரிதும் விரும்புவது 'கார்ன் ஸ்நேக்' எனப்படும் நஞ்சில்லாத பாம்பு. அதன் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதி. வெயில் மிகுந்த அந்நிலத்துப் பாம்பின் குட்டி, இங்கிலாந்தின் டிசம்பர் மாதத்தில் ஒரு சிறிய பெட்டிக்குள் வாழ நேரிடுகிறது. அதனை எவ்வாறு காப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வெப்பம் குறைந்தால் விளைவது யாது? பாம்பு எலியை முழுதாக விழுங்குகிறது. அதனைச் செரிக்கும் நீர்கள் வெப்பத்திலேயே நன்கு வேலை செய்யும். குளிர்ந்த வயிற்றில் இரை செரியாமல் அழுகத் தொடங்கும். பாம்பு அதனைக் கக்கிவிடும். குளிர் நீடித்தால் மூச்சுறுப்புகளில் நோய் பற்றும். வாயைத் திறந்து மூச்சு விடுதலும், மூக்கில் குமிழி தோன்றுதலும் அதன் அறிகுறிகள். அந்நிலையில் கால்நடை மருத்துவரை நாடுவதே முறை.

சிறிய பெட்டிக்குத் தனித்த தொல்லையொன்று உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கம் 60 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி ஒன்று. 30 சென்டிமீட்டர் உள்ளது மற்றொன்று. சிறியதன் கொள்ளளவு பெரியதில் எட்டில் ஒரு பங்கு. புறப்பரப்போ நான்கில் ஒரு பங்கு. ஆகவே, கொள்ளளவை நோக்கச் சிறிய பெட்டிக்கு இருமடங்கு புறப்பரப்பு. வெப்பம் வெளியேறுவது புறப்பரப்பின் வழியே அன்றோ? எனவே சிறிய பெட்டி விரைவில் குளிரும். சூடேற்றினால் விரைவில் கொதிப்பும் ஏறும்.

அப்படியானால் பெட்டி முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கிவிடலாமா? கூடாது. பாம்புக்கு வேண்டுவது வெறும் வெப்பம் அன்று; வெப்பத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. ஒரு முனை ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மறுமுனை ஏறக்குறைய 22 டிகிரியும் இருத்தல் நலம். இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். குளிர்ந்த முனையில் மட்டும் மறைவிடம் இருப்பின், அச்சமுடைய அவ்வுயிர் வெப்பத்தைத் துறந்து அங்கேயே சுருண்டு கிடக்கும்.

இதற்கு வழி எளிது. மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய விரிப்பைப் பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கிற்குப் பரப்புக. அதனைத் தெர்மாஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தல் இன்றியமையாதது. கட்டுப்பாடின்றிச் சூடேறும் தளம் பாம்பின் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். மேலே காற்று குளிர்ந்திருக்க, அது சூடான இடத்தை விட்டு அகலாமல் ஒட்டிக் கிடப்பதே காரணம். கையால் தொட்டுப் பார்த்து அளவிடுதல் போதாது. இரு முனைகளிலும் வெப்பமானி வைத்து நாள்தோறும் நோக்குக.

அடி விரிப்பு தளத்தைச் சூடாக்குமேயன்றிக் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. ஆதலால் பெட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும், வெளியே, தெர்மோகோல் பலகையோ தக்கைப் பலகையோ பொருத்துக. காற்றுத் துளைகளை மட்டும் அடைத்தலாகாது. சன்னலோரத்தையும், குளிர்ந்த கல் தரையையும் விலக்கி மேசை மீது வைக்க. சூட்டினால் காற்று உலரும். உலர்ந்தால் பாம்பு சட்டை உரிக்க இடர்ப்படும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

மின்சாரம் நின்றால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் புறத்தே சார்த்தி வைத்துக் கம்பளத்தால் போர்த்துக. காற்றுக்கு இடம் விடுக. வெப்பம் மீளும் வரை இரை கொடுக்க வேண்டா.

“காட்டுப் பாம்பு குளிர்காலம் முழுவதும் உறங்குகிறதே, இதையும் உறங்க விட்டால் என்ன?” என்று சிலர் வினவுவர். காட்டுப் பாம்பு வயிறு வெறுமையான பின், உறைபனி எட்டாத ஆழத்தில் புகுந்து கிடக்கிறது. வயிற்றில் இரையோடு அரைகுறைக் குளிரில் கிடப்பது உறக்கமும் அன்று, விழிப்பும் அன்று, கேடு.

வளர்க்கும் உயிருக்கு ஏற்ற சூழலை அளிப்பது வளர்ப்பவர் கடமை என்று அந்நாட்டில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் வகுத்துள்ளது. நாய் குளிர்ந்தால் முனகும். பூனை அடுப்படியைத் தேடும். பெட்டிக்குள் கிடக்கும் பாம்புக்குக் குரலும் இல்லை, வழியும் இல்லை.

நம் நாட்டில் பாம்பை வீட்டில் வளர்த்தல் வேண்டா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் பாம்புகளுக்குக் காவலாக நிற்கிறது. எனினும், மார்கழிக் காலையில் வரப்பின் மீது ஒரு பாம்பு வெயில் காயக் கண்டால், அது நம்மைத் தேடி வந்ததன்று, ஞாயிற்றைத் தேடி வந்தது என்று அறிந்து, கம்பை எடுக்காமல் விலகிச் செல்வோமாக.