கவிழ்த்துப் பார்க்கும் வேலை



பழைய டெனிஷ் தளபாடங்களுக்குக் காப்பாளராக இருக்கிறேன் என்று சொன்னால், "ஓ, தூசு தட்டுகிற வேலையா?" என்று கேட்பார்கள். தூசு தட்டுவதும் உண்டுதான். ஆனால் எனக்குப் பிடித்த வேலை கதிரைகளைக் கவிழ்த்துப் பார்ப்பது.

கதிரையின் மேற்பக்கம் எத்தனையோ தடவை மெருகு கண்டிருக்கும், இருக்கைத் துணி மாறியிருக்கும். அடிப்பக்கத்தை யாரும் சோடிப்பதில்லை. அங்கே இழைப்புளி ஓடிய தடம் அப்படியே கிடக்கும். கைவாள் இழுத்த தடம் நேர்கோடாக விழும். வட்டவாளின் தடம் வில் வில்லாக வளையும். வளைவைக் கண்டால், மரம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்லது அதற்குப் பிறகு அறுபட்டது. விரலால் தடவினாலே தெரியும்.

ஒரு பெரியவர் தம் குடும்பத்துக் கதிரையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1700களில் செய்தது, பாட்டனார் சொன்னது என்றார். கவிழ்த்து, ஒரு திருகாணியைக் கழற்றினேன். கூர்முனை! அந்தக் காலத்துத் திருகாணிக்கு முனை மொட்டையாக இருக்கும். கூர்முனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரத்தோடு பரவியது. ஆனாலும் ஓர் ஆணியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாராவது பிறகு மாற்றியிருக்கலாம் அல்லவா? மற்ற ஆணிகளையும் கழற்றி, துளைக்குள் ரோச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாதி, பழைய துளையின் சுவடே இல்லை. பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "என் பாட்டனார் பொய் சொல்ல மாட்டார். ஆணிதான் பொய் சொல்கிறது" என்று கதிரையைத் திரும்பக் காரில் ஏற்றிவிட்டார். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

சரி, காலத்தில் இன்னும் பின்னுக்குப் போவோம். 1891இல் டென்மார்க்கின் யூட்லாந்தில் குல்ட்ஹோய் என்ற புதைமேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஓக் மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டி. மரத்தின் வளையங்களை வைத்துக் கணித்ததில் கி.மு. 1389 என்று வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு மடக்குப் பீடம் இருந்தது, நேயர்களே! ஆஷ் மரத்தில் இரண்டு சட்டங்கள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். மேலே நீர்நாய்த் தோல் இருக்கை. இன்று கோப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்து எகிப்திலும் இதே அமைப்பில் பீடங்கள் உண்டு. இந்த வடிவம் அங்கிருந்து வடக்கே வந்து சேர்ந்ததா என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வந்திருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், கோரே கிளின்ட்டுக்காக. 1924இல் கோப்பன்ஹேகன் கலை அக்கடமியில் தளபாடப் பாடம் நடத்தத் தொடங்கியவர். புதிதாக எதையாவது வரைந்து வாருங்கள் என்று அவர் மாணவர்களை விரட்டவில்லை. பழைய ஆங்கிலேயக் கதிரை, சீனக் கதிரை, எகிப்தியப் பீடம் என்று ஒவ்வொன்றாக அளந்து வரையச் செய்தார். 1930இல் அவரே ஒரு மடக்குப் பீடம் வடிவமைத்தார். அதன் கால்கள் விசிறி இறக்கைபோல முறுகியிருக்கும். மடக்கினால் குறுக்கே போகும் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று படிந்து ஒரே உருண்டைத் தடியாகிவிடும். விரித்து, மடக்கி, மறுபடி விரித்து... இதை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் போக்கலாம், அவ்வளவு சுகம்.

கிளின்ட்டின் கை கட்டடத்திலும் பட்டது. இன்றைய டென்மார்க் வடிவமைப்பு அருங்காட்சியகம் இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவமனைக் கட்டடத்தில். 1920களில் அதை அருங்காட்சியகமாக மாற்றியவர்களில் ஒருவர் இதே கிளின்ட்.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஓடிவிட்டது. இந்த வேலையில் காகிதமும் நிறைய என்பதைச் சொல்லியாக வேண்டும். 1960களின் டெனிஷ் மேசைகள் பல பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை. 1992 முதல் அந்த மரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இப்படி ஒரு மேசையை இரவல் கொடுத்தால், கோப்பு மேசையைவிடக் கனமாகிவிடும்.

எப்படி இந்த வேலைக்கு வருவது? கலை வரலாறு படித்து வருவோர் அதிகம். தச்சுப் பட்டறையில் கை பழகிய பின் வருவோரும் உண்டு. அவர்கள் மேல் எனக்குப் பொறாமை. டென்மார்க்கில் வளர்கிற நம் பிள்ளைகளில் யாராவது இதற்கு மனுப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உளி பிடிக்கத் தெரிந்த பிள்ளையென்றால் இன்னும் நல்லது.